வானிலாவுக்காகக் கட்டிய கோடை

போன மாதம் என்னைப் பூன் லே பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். மின்தூக்கியில் மேலே போனால் ஒரு கதவு. அது மூடிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கிறது. வெள்ளை அங்கி கொடுத்தார்கள். காலுக்கு உறை, தலைக்கு வலை. என் தலையில் வலை போட்டுப் பிடிக்கும் அளவுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். சட்டம் சட்டம்தான் என்று சிரித்தாள் கவிதா. நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் அரசாங்க நாற்றங்கால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பெண் அவள். இன்று பெரிய அதிகாரி.

உள்ளே ஊதா வெளிச்சம். சூரியனே இல்லாத ஓர் ஊரில் பொழுது விடிந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நல்ல குளிர். அடுக்கடுக்கான தட்டுகளில் ஸ்ட்ராபெரிச் செடிகள் வரிசையாகத் தூங்குவதுபோல் இருந்தன. வெளியே மழையா வெயிலா என்று அவற்றுக்குத் தெரியாது. தாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

"அங்கிள், உங்க டைம்ல இந்த மாதிரி வெளிநாட்டுப் பயிர் எல்லாம் ட்ரை பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அந்த ஊதா வெளிச்சத்துக்குள் நின்றபடியே வேறொரு கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் குளிரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கோடையைக் கட்டினோம்.

பழைய ஊழியர்கள் ஒன்றுகூடலுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடப்போவதாகச் சொன்னாள். எழுதித் தருகிறேன் என்றேன். ஃபேரர் பார்க்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தறை வீடு. மகள் வழக்கறிஞர், மகன் பொறியாளர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இதையெல்லாம் உண்டாக்கினான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்குமோ கிடைக்காதோ.

இந்தத் தீவில் அரசாங்கம் நட்டுப் பார்க்காத பயிர் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஜாதிக்காய், கிராம்பு. இன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய கடைகள் நிற்கும் இடத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன என்றால் யார் நம்புவார்கள்? நோய் வந்து எல்லாம் போயிற்று. காப்பி நட்டார்கள், கோகோ நட்டார்கள். பிரேசில் நாட்டு ரப்பர் விதை லண்டனில் ஒரு கண்ணாடி வீட்டில் முளைத்து, கப்பலேறி இங்கே வந்து வேர் பிடித்தது. மற்றதெல்லாம் தோற்றாலும் அது ஒன்று ஜெயித்தது. மலாயா முழுக்க நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. என் அப்பாவும் அப்படி இறங்கியவர்தான். ஆகவே நான் பிறந்ததற்கே ஒரு வெளிநாட்டுச் செடிதான் காரணம் என்று சொன்னால் தப்பில்லை.

பிறகு நம் அரசாங்கம் வந்தது. அதுவும் விடவில்லை. நிழலுக்கு, பூவுக்கு, பழத்துக்கு என்று உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் செடிகளை வரவழைத்தது. வருகிற செடியை முதலில் எங்கள் நாற்றங்காலில்தான் வளர்த்துப் பார்ப்பார்கள். நான் அங்கே தண்ணீர் தூக்கப் போனவன். தூக்கினேன், சாங்கோல் பிடித்து மண் வெட்டினேன், பதியம் போட்டேன், ஒட்டுக் கட்டினேன். என் கை பட்டு ஒட்டாத மொட்டு அந்த நாற்றங்காலில் கிடையாது. செடிகளின் லத்தீன் பெயர்களைக் காதால் கேட்டே பாடம் பண்ணினேன். நான் அவற்றை வரிசையாகச் சொன்னால் கோயிலில் அர்ச்சனை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். முப்பது வயதுக்குள் என்னை மண்டோர் ஆக்கினார்கள். மண்டோர் என்றால் மேஸ்திரி. அந்த வயதில் வேறு யாரும் ஆனதில்லை.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் திரு. அருளப்பன். காத்தோங்கில் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கர். ஒல்லியான மனிதர், நடந்தால் சத்தம் வராது. அவர் கட்டளையிட்டு நான் கேட்டதே இல்லை. "நானா இருந்தா இந்தக் கிளையை வெட்ட மாட்டேன், முத்து" என்பார். சொல்லிவிட்டுப் போய்விடுவார். மீறி வெட்டினால் திட்டவும் மாட்டார். ஆனால் மறுநாள் காலை அந்த வெட்டுக்காயத்துக்கு அவரே குனிந்து மருந்து பூசிக்கொண்டிருப்பதை நாம் பார்க்கும்படி ஆகும். அதற்கு நாலு திட்டு வாங்குவது தேவலை.

செடியைத் தொடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். செடிக்கு மணி தெரியக்கூடாது, தெரிந்தால் அவசரப்படும் என்றார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுச் செடி வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பெட்டியைத் திறந்தவெளியில் பிரிக்கக்கூடாது. வலையடித்த அறைக்குள் கொண்டுபோய், வெளிக்கதவைச் சாத்தி, பிறகு உள்கதவைத் திறந்து உள்ளே போய்ப் பிரிக்க வேண்டும். வேரில் ஒரு துளி அந்நிய மண் ஒட்டியிருக்கக்கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தண்ணீரில் அலச வேண்டும். அலசிய தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பெட்டியும் வேரைச் சுற்றி வந்த பாசியும் சூளைக்குப் போய்விடும். நடந்து பார்க்கும்போது நல்ல செடியிலிருந்து சந்தேகமான செடிக்குத்தான் போகலாம். சந்தேகமானதைத் தொட்டுவிட்டு நல்லதற்குத் திரும்பி வரக்கூடாது. அப்படித் தொட்ட ஆளுக்கு அன்று முழுக்கத் தோட்டத்தில் வேலை இல்லை. சோதனை முடிந்து ஒரு செடி வேண்டாம் என்று தீர்ந்தால், அதையும் சூளையில் போட்டுச் சாம்பலாக்க வேண்டும். ஒரு துண்டுகூட வெளியே போகக்கூடாது.

அப்படி வந்ததுதான் வானிலா. ஐஸ்கிரீமில் எல்லோரும் தின்றிருப்பீர்கள். கொடியைப் பார்த்தவர்கள் குறைவு. ஆர்க்கிட் ஜாதி, மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் நடுவில் எங்கேயோ. ரப்பரைக் கொல்லும் ஓர் இலைநோய் அந்தக் கண்டத்தில் இருப்பதால் அங்கிருந்து எந்தச் செடியும் நேராக நம் பக்கம் வரக்கூடாது. ஆகவே அதுவும் ஒரு குளிர் நாட்டின் கண்ணாடி வீட்டில் பல மாதம் தங்கி, நோய் இல்லை என்று பேர் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

வந்த கொடி வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி. தூண் தூணாக ஏறிற்று. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினதுபோல் மின்னும். ஆனால் பூக்கவில்லை. வருடங்கள் போயின. நானும் நல்ல உரமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இன்னும் வளர்ந்தது. பூக்கவே இல்லை.

"இதுக்கு இங்க ஒரு குறையும் இல்ல, முத்து. அதுதான் குறை" என்றார் அருளப்பன் சார்.

பூப்பதற்கு முன் அந்தக் கொடி கொஞ்ச காலம் தண்ணீர் இல்லாமல் வாட வேண்டுமாம். அதன் சொந்த ஊரில் வருடா வருடம் ஒரு வறட்சி வரும். இங்கே ஏது வறட்சி? காலையில் மழை இல்லாவிட்டால் மாலையில் மழை.

இந்த நேரத்தில்தான் நிலம் பற்றிய பேச்சு வந்தது. நாற்றங்காலின் ஓரமாகப் புதிய சாலை போகப்போகிறது, வானிலாத் தூண்கள் நிற்கும் பகுதி அதற்குப் போய்விடும் என்றார்கள். அமைச்சிலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்து பார்த்தார். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். காய் ஒன்றைக் காட்டுங்கள், இது இங்கே காய்க்கும் என்று எழுதிக் கொடுங்கள், வடமேற்கே பெரிய நிலமாகவே ஒதுக்கித் தருகிறோம், காய் இல்லையென்றால் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அருளப்பன் சாருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கொண்டுவந்த முந்திரி காய்க்கவில்லை, கிராம்பு பட்டுப்போயிற்று. இந்த மண்ணில் பிடித்தது என்று அவர் பேர் சொல்ல ஒரு பயிர் இல்லை. எனக்கும் ஓர் ஆசை இருந்தது. பெரிய நிலம் வந்தால் அதற்குத் தலைமை மண்டோர் நான்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் கோடையைக் கட்டினோம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகடு வாங்கித் தூண்களுக்கு மேலே கூரை போட்டோம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீர் உள்ளே வராமல் திருப்பினோம். தண்ணீர் குழாயை மூடினேன். கொடிகளின் நுனியைக் கிள்ளித் தொங்கவிட்டோம். அவ்வளவுதான் கோடை.

ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நான் இங்கே பிறந்தவன், அருளப்பன் சாரும் இங்கே பிறந்தவர். வருடம் முழுக்க நனைந்த தீவில் கோடையை எங்கே பார்ப்பது? தோட்டம் பெருக்கும் மாரியாயி அக்கா மட்டும் கல்யாணமாகிப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு இலையை விரலில் மடக்கிப் பார்த்தார்.

"பத்தாது மண்டோர். தாகமெடுத்த மாடு நாக்கைத் தொங்கப்போடுமே, அப்படித் தொங்கணும். இன்னும் காயப்போடுங்க."

காயப்போட்டோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கனவுபோல் இருக்கிறது. வெளியே நாலு பக்கமும் மழை கொட்டும். மழைமரங்கள் தெரியாது, பாதை தெரியாது, உலகமே வெள்ளையாகக் கரைந்து போயிருக்கும். நடுவில் எங்கள் கொட்டகை மட்டும் காய்ந்துகிடக்கும். காலடியில் புழுதி. தூசியும் சருகும் கலந்து ஒரு வாசம், எனக்கு அதுவரை தெரியாத வாசம். மழைச் சத்தத்தின் நடுவே வெயில்காலத்துக்குள் நிற்பேன். எந்த ஊரின் வெயில்காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அருளப்பன் சாரும் வந்து பக்கத்தில் நிற்பார். இலைகள் மெல்ல மெல்ல நாக்கைத் தொங்கப்போட்டன.

பிறகு ஒருநாள் கணுக்களில் சின்னச் சின்னக் கொம்புபோல் எதுவோ கிளம்பிற்று. மொட்டுக் கொத்துகள். ஒரு கொத்தில் நிறைய மொட்டு இருக்கும், ஆனால் தினம் ஒன்றோ இரண்டோதான் விரியும். விடியும்போது விரிந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் மகரந்தம் சேர வேண்டும். சேர்த்துவைக்கும் தேனீ அதன் ஊரோடு நின்றுவிட்டது. மனிதன்தான் கையால் சேர்க்க வேண்டும். அதற்காக மூங்கில் சிம்பு சீவி, வேறு ஆர்க்கிட் பூக்களில் நான் பழகிவைத்திருந்தேன். சிங்கப்பூரில் வானிலாவுக்குக் கல்யாணம் பண்ணிவைத்த முதல் ஆள் என்ற பேர் எனக்குத்தான் என்று மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

முதல் மொட்டுகள் விரியத் தயாரானபோது வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் கொடிகள் மொட்டையாக நிற்கின்றன. ஒரு கொத்துகூட இல்லை. அணில் தின்றதா, குரங்கு வந்ததா என்று தூண் தூணாகச் சுற்றினேன். ஒவ்வொரு கணுவிலும் நகத்தால் கிள்ளிய தடம்.

கருவிக் கொட்டகைக்குப் பக்கத்தில் மழைமரத்தடியில் எங்கள் ஆட்கள் ஒரு முனீஸ்வரர் கல் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாரியாயி அக்கா சூடம் ஏற்றுவார். நாற்றங்காலில் எது முதலில் பூத்தாலும் முதல் பூ அங்கேதான் போகும். மாம்பூ போயிருக்கிறது, பேர் தெரியாத எத்தனையோ நாட்டுப் பூ போயிருக்கிறது. யாரும் எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை. போய்ப் பார்த்தேன். கல்லைச் சுற்றி வெளிறிய மஞ்சளும் பச்சையுமாக வானிலாக் கொத்துகள். விரிந்த பூக்கள், விரியாத மொட்டுகள், எல்லாம் அழகாக அடுக்கி, நடுவில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மெல்லிய ஒரு வாசனை. உலகத்தில் எந்த முனீஸ்வரருக்கும் அப்படி ஓர் அலங்காரம் நடந்திருக்காது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"முதல் பூ சாமிக்குத்தானே மண்டோர்? மத்தியானம் வாடிடும்போல இருந்துச்சு. வீணாப் போகக் கூடாதேன்னு பறிச்சேன்."

வருடக்கணக்காக இந்தப் பூவுக்காகத்தான் காத்திருந்தோம், இதில் காய் வராவிட்டால் கொட்டகையே போய்விடும் என்று சொன்னேன். இந்த வேலையும் இனி உங்களுக்கு இருக்காது என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அவர் புருஷன் துறைமுகத்தில் முதுகு ஒடிந்து வீட்டில் இருந்தார், அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

சத்தம் கேட்டு அருளப்பன் சார் வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கல்லின் முன்னால் மண்டியிட்டார். அவர் என்ன, நம் சாமியைக் கும்பிடுகிறாரா என்று திகைத்து நின்றேன். அவர் ஒரு கொத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே சரியாக வைத்தார்.

"எல்லாக் கொத்தையும் எடுத்துட்டீங்களாம்மா?"

அக்கா கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "பின்னாடித் தூண்ல உச்சியில ஒண்ணு இருந்துச்சு சார். எட்டல."

அக்கா குள்ளம். அந்தக் குள்ளத்துக்காக அன்றைக்கு அருளப்பன் சார் முனீஸ்வரர் முன்னாலேயே சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் விடிவதற்குள் ஏணியைச் சாத்தி, சிம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் தயார். உச்சியில் ஒரு பூ விரிந்திருந்தது. அருளப்பன் சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சாங்கோல் பிடித்த கை, விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம்.

"நானா இருந்தா அக்காவை ஏறச் சொல்வேன், முத்து."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை மாதம் பழகினேன். ஆனால் அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடைக்கு மல்லிகை தொடுத்துக் கொடுப்பவர். பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டே தொடுப்பார். ஒரு மொட்டு கசங்காது. அப்போதும் ஏணியில் ஏற மறுத்தார். பறித்த கை மறுபடி தொடலாமா என்று கேட்டார். தொட்டால்தான் உண்டு என்றார் சார்.

ஏறினார். கீழே நின்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அதை யாரும் மறக்க வேண்டாம். இடது கையால் பூவைத் தாங்குங்கள். உதடுபோல் மடிந்திருக்கும் இதழைச் சிம்பால் மெல்லக் கீறுங்கள். உள்ளே ஒரு சின்னத் திரை, மேலே மஞ்சள் மாவு, கீழே ஈரமான இடம். திரையைச் சிம்பு நுனியால் மேலே தூக்குங்கள். தூக்கியபடியே கட்டைவிரலால் மாவை ஈரத்தின்மேல் ஒத்துங்கள். அழுத்தக்கூடாது, பொட்டு வைப்பதுபோல்.

"ஐயோ, என்ன வேலை மண்டோர் இது, எனக்கு வெக்கமா இருக்கு" என்றார் மேலேயிருந்து.

"கல்யாணம் பண்ணிவைக்கிறீங்க அக்கா."

"அப்ப தரகருக்குப் புடவை உண்டா?"

அருளப்பன் சார் சிரித்து ஏணி ஆடியது.

சேராத பூ மறுநாளே உதிர்ந்துவிடும். சேர்ந்த பூ வாடினாலும் காம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் ஞாயிறு என்றாலும் விடிகாலையிலேயே மூன்று பேரும் போய் அண்ணாந்து நின்றோம். பனிப்புகை பிளாஸ்டிக் கூரையில் படிந்து, உள்ளே பால்போல் வெளிச்சம். பூ வாடி, சுருங்கி, அங்கேயே இருந்தது. பக்கத்தில் அடுத்த பூ விரிந்திருந்தது. அக்கா யாரும் சொல்லாமலே சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். அந்தக் கொத்து முடியும்வரை தினமும் ஏறினார்.

மேடம் திரும்பி வந்தபோது உச்சியில் சின்னப் பீன்ஸ்போல் காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஏணியில் ஏறிப் பார்த்தார், நல்ல மனுஷி. காய் சரி, ஆனால் முற்றிப் பதமானால்தானே பயிர் என்று சொல்ல முடியும், எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒன்பது மாதம், மனிதர்களைப்போல என்றார் அருளப்பன் சார். சாலை போடும் இயந்திரங்கள் அடுத்த மாதமே வருவதாக இருந்தது. மேடம் கொஞ்சநேரம் காய்களையே பார்த்தார். பிறகு சாலை வேலையை மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்வதாகச் சொன்னார். மறுமுனையில் தொடங்கியதற்கு வேறு காரணம் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு கொடியின் பிள்ளைப்பேற்றுக்காக அரசாங்கச் சாலை காத்திருந்தது, காக்கவைத்தவர்கள் நாங்கள்.

ஏழாம் மாதம் நாற்றங்காலில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தேக்காச் சந்தையில் கண்ணாடி வளையல் வாங்கி வந்துவிட்டார்கள். வளைகாப்பாம். கொடிக்கு! சோதனைச் செடிமேல் வெளிப்பொருள் படக்கூடாது என்பது முறை. நான் தடுத்தேன். அருளப்பன் சாரிடம் போனார்கள். அவர் தீவிரமாக யோசித்தார். "போடலாம். முதல்ல ஸ்பிரிட்ல முக்கி எடுத்துடுங்க" என்றார். அப்படியே ஒவ்வொரு வளையலும் ஸ்பிரிட்டில் குளித்து, காய்ந்து, கொடியில் ஏறியது. காற்றடித்தால் கொட்டகை கிணுகிணு என்று பேசும். எலுமிச்சைச் சாதமும் புளிச் சாதமும் நாற்றங்காலுக்கே போதும் என்னும்படி இருந்தது.

காய்கள் முற்றி நுனி மஞ்சளானபோது அறுத்தோம். பச்சைக் காய்க்கு ஒரு வாசனையும் கிடையாது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, தினம் வெயிலில் காட்டி எடுக்க வேண்டும். வெயில் காட்ட இங்கே எங்கே முடிகிறது? தட்டுகளை வெளியே வைப்போம், மழை வரும், தூக்கிக்கொண்டு ஓடுவோம், மறுபடி வைப்போம். கடைசியில் அலுவலகத்தில் ஒரு விளக்கின் கீழ் வைத்துத்தான் காயவைத்தோம். மெல்ல மெல்லக் கறுத்தன. ஒருநாள் காலை கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. பாலும் வெல்லமும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்ததுபோல். தட்டச்சு செய்பவர், காவலாளி, லாரி ஓட்டுநர், எல்லோரும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி உள்ளே வந்து கொஞ்சநேரம் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பெரிய நிலத்தில் தூண்களை எந்தத் திசையில் நடுவது என்றுகூட மனதுக்குள் பார்த்துவைத்துவிட்டேன். அருளப்பன் சார் ஒரு வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கை எழுதினார். முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, மேலிடத்துக்கு அனுப்பும் முன் எனக்குத்தான் முதலில் சொல்வதாகச் சொன்னார். இந்த நாட்டுக்கு வானிலா வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

நான் வாதாடினேன். காய்த்தது, பழுத்தது, மணத்தது, இன்னும் என்ன வேண்டும் என்றேன். எனக்குச் சொன்ன வேலை என்ன ஆகும் என்றும் கேட்டேன். ஒளித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கூரை போட்டு மழையை மறைத்து, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு ஆளை ஏணியில் ஏற்றி, விளக்கில் காயவைத்துத்தான் இது வந்தது, இதை நம்பி இன்னொருவரை இறங்கச் சொல்ல என்னால் முடியாது என்றார்.

"இது இங்க விளையுற பயிர் இல்ல, முத்து. நாம விளையவச்ச பயிர்."

வேலை எனக்குப் பிறகு வந்தது. தலைமை மண்டோர் ஆகித்தான் ஓய்வு பெற்றேன். ஆனால் அன்று அவர்மேல் எனக்கு இருந்த கோபம் வெகுநாள் இருந்தது.

சோதனை முடிந்ததால் கொடிகளைக் கொளுத்த வேண்டும். பெண்கள் வளையல்களைக் கழற்றிக்கொண்டார்கள். கொடிகளைத் தூணிலிருந்து பிரித்துச் சுருட்டிச் சூளைக்கு முன்னால் போட்டோம். கொட்டகையின் கூரையையும் அன்றே பிரித்துவிட்டார்கள். தூறல் முதல்முறையாக அந்தக் காய்ந்த மண்ணில் விழுந்தது.

மாரியாயி அக்கா அருளப்பன் சாருக்கு எதிரில் வந்து நின்றார்.

"வேணாம்னு எழுதிட்டீங்களாமே சார்."

"ஆமாம்மா."

"அதுக்கா இவ்வளவு நாள் காத்துக்கிடந்தோம்?"

சார் அவசரப்படவில்லை. "பூக்காமலே போயிருந்தாலும் வேணாம்னுதான் எழுதியிருப்பேன். அது தெரியாம எழுதினதா இருந்திருக்கும். இப்ப தெரிஞ்சு எழுதியிருக்கேன். எனக்குப் பின்னாடி வர்றவங்க இதுக்காக இன்னொரு அக்காவை ஏணியில ஏத்த வேண்டியதில்ல."

அக்கா கேட்டுக்கொண்டார்.

"நான் இன்னொரு தடவையும் ஏறுவேன் சார்" என்றார்.

முறைப்படி பொறுப்பதிகாரிதான் நெருப்பு வைக்க வேண்டும். அவர் தீப்பெட்டியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு, தூறலுக்குக் கையை மறைத்துக் குச்சியைக் கிழித்து வைத்தார்.

வாசனை வரும் என்று நாங்கள் எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். பச்சைக் கொடி எரிந்தால் பச்சைக் கொடி நாற்றம்தான் வரும். கண் எரிந்தது, இருமினோம். ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிப் போனார்கள். அக்காவும் சாரும் நானும் கடைசிவரை நின்றோம். புகை அடங்கிச் சாம்பல்மேல் தூறல் விழும்போது, மரங்களுக்கு அப்பால் இருந்து, மறுமுனையில் தொடங்கிய சாலை இயந்திரங்களின் சத்தம் மெலிதாகக் கேட்டது. அத்தனை மாதமும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அன்றுதான் எங்கள் காதில் விழுந்தது.